ஹோமர் புறாக் குஞ்சு ஆணா பெண்ணா: கூட்டிலேயே பார்க்க முடியுமா?

#1 மாடிக்கூடு (அல்சூர்)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று ஜோடி ஹோமர் (பந்தயப் புறா), மூன்று கூட்டிலும் குஞ்சு. விவரம்:

ஜோடி 1: சேவல் ப்ளூ பார் (நீலம், இறக்கையில் பட்டை), பெட்டை ரெட் செக்கர் (சிவப்பு, இறக்கையில் கட்டம்). குஞ்சு இரண்டு, வயது 12 நாள். இறகு இப்போதுதான் உறை உடைக்குது.
ஜோடி 2: சேவல் மீலி (சிவப்பு, இறக்கையில் பட்டை), பெட்டை ரெட் செக்கர். குஞ்சு இரண்டு, 16 நாள். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம்.
ஜோடி 3: சேவல் ப்ளூ செக்கர், பெட்டை ப்ளூ பார். குஞ்சு இரண்டு, 6 நாள்.

வாடகை வீட்டு மாடி. ஆறையும் வைத்துக்கொள்ள இடமில்லை. வெளியே கொடுப்பதை ஆண் பெண் தெரிந்துதான் கொடுக்கணும். நாலைந்து மாதம் காத்திருக்காமல் இப்பவே சொல்ல வழி இருக்கா?

#2 தானியமூட்டை (ஆஸ்டின் டவுன்)

ரொம்ப யோசிக்காதீங்க ப்ரோ. இரண்டு முட்டையில் ஒன்று ஆண், ஒன்று பெண். பெரிய குஞ்சு ஆண். சந்தேகம்னா ஒரு கையில் அலகு, ஒரு கையில் கால் பிடித்து மெல்ல இழுங்க. வால் கீழே போனால் ஆண், மேலே தூக்கினால் பெண். சிவாஜிநகர் சந்தைல எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறாங்க.

#3 மீலிசேவல் (விவேக்நகர்)

தானியமூட்டை, மூன்றும் தப்பு. வரிசையாகச் சொல்றேன்.

ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக ஆண் அல்லது பெண். ஒன்று ஆணானதால் மற்றது பெண்ணாகணும்னு கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு கூடு எடுத்தால் சராசரியாக இரண்டில் ஆணும் பெண்ணும், ஒன்றில் இரண்டும் ஆண், ஒன்றில் இரண்டும் பெண். பாதிக் கூடுகளில் ஜோடி அமைந்துவிடுவதால்தான் இந்த நம்பிக்கை சாகாமல் இருக்கு.

அளவு விஷயம். பெட்டை முதல் முட்டையைச் சாயங்காலம் இடும், இரண்டாவதை ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்து, மூன்றாம் நாள் மதியம். இரண்டாவது வந்த பிறகுதான் ஒழுங்காக அடை உட்காரும். ஆனாலும் முதல் முட்டைக்குக் கொஞ்சம் சூடு முன்கூட்டியே கிடைத்துவிடும், அது முன்னால் பொரியும். முன்னால் பொரித்தது, தாய் தகப்பன் இரைப்பையிலிருந்து கக்கிக் கொடுக்கிற முதல் பாலை வயிறு முட்டக் குடித்துவிட்டு அடுத்ததைவிடப் பெரிதாக நிற்கும். அந்த வித்தியாசம் பொரித்த வரிசையைக் காட்டுது, ஆண் பெண்ணை இல்லை.

அலகு இழுப்பதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீங்க. வாலைத் தூக்குவதும் இறக்குவதும் பிடித்த கையின் கோணத்தைப் பொறுத்தது. அதே குஞ்சை மூன்று தடவை இழுத்துப் பாருங்க, மூன்று பதில் வரும். கால் விரல் நீளம் பார்ப்பது, முட்டையின் கூர்மை பார்ப்பது, நூலில் ஊசி கட்டித் தொங்கவிடுவது எல்லாம் இதே ரகம்.

மாடிக்கூடு தம்பி, உங்கள் விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கு. பெற்றோர் நிறத்தை எழுதியது நல்லதாப் போச்சு.

புறாவில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. அடிப்படை நிறத்தை முடிவு செய்கிற ஜீன் இசட் மேல இருக்கு. அது மூன்று வகை: சாம்பல் சிவப்பு (நம்ம ரெட் செக்கர், மீலி எல்லாம் இதில்), நீலம், பழுப்பு. சிவப்பு நீலத்தை அமுக்கும், நீலம் பழுப்பை அமுக்கும். மகளுக்கு இசட் அப்பனிடமிருந்து மட்டும்தான் வரும், அம்மா கொடுப்பது டபிள்யூ. அதனால் மகள் இந்த நிறத்தில் அப்பன் கொடுத்ததை அப்படியே காட்டும். மகன் இரண்டு பேரிடமும் வாங்கும், எது ஓங்கினதோ அது வெளியே தெரியும்.

இப்போ உங்கள் கூடுகள்.

ஜோடி 1: அப்பன் நீலம், அம்மா சிவப்பு. இதைவிட நல்ல சேர்க்கை கிடையாது. மகன் எல்லாம் அம்மாவிடம் சிவப்பு வாங்கிச் சிவப்பாக வரும். மகள் எல்லாம் அப்பனைப் போல நீலம். விதிவிலக்கு இல்லை. சிவப்புக் குஞ்சு ஆண், நீலக் குஞ்சு பெண்.

ஜோடி 2: இரண்டு சிவப்புக்கு ஒரு நீலக் குஞ்சு. அந்த நீலம் பெண், சந்தேகமே வேண்டாம். மகனாக இருந்தால் அம்மாவின் சிவப்பு கண்டிப்பாக வந்திருக்கும். இதிலிருந்து இன்னொன்றும் தெரியுது: உங்கள் மீலி சேவல் உள்ளே நீலத்தை வைத்திருக்கு. கூட இருக்கிற சிவப்புக் குஞ்சு மகனாகவும் இருக்கலாம், அப்பனின் சிவப்பு வாங்கின மகளாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து இப்போ சொல்ல முடியாது.

ஜோடி 3: இரண்டு பக்கமும் நீலம். நிறம் வாய் திறக்காது. பார், செக்கர் என்கிற இறக்கைக் கோலம் வேறு குரோமோசோமில் இருக்கு, அதற்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. செக்கர் அப்பனுக்கு, பார் அம்மாவுக்குன்னு பிரித்துவிடாதீங்க.

#4 மாடிக்கூடு

அண்ணா, தெளிவாப் புரிஞ்சது. 12 நாள் குஞ்சில் சிவப்பா நீலமான்னு எங்கே பார்க்கணும்? முதுகில் இரண்டுமே அழுக்கு நிறமாகத்தான் தெரியுது.

#5 மீலிசேவல்

முதுகைப் பார்க்காதீங்க, வாலைப் பாருங்க. வால் இறகு உறை உடைத்ததும் ஒரு இறகை விரலால் விரித்துப் பிடிங்க. நீலத்தில் நுனிக்குச் சற்று உள்ளே கருப்புப் பட்டை ஓடும். சாம்பல் சிவப்பில் அந்தப் பட்டை வராது, வால் வெளிறின சாம்பலாக இருக்கும். இறக்கையின் பெரிய இறகுகளும் அப்படியே: நீலத்தில் கருஞ்சாம்பல், சிவப்பில் வெளிறல். அலகும் ஒரு குறிப்பு. நீலக் குஞ்சின் அலகு கருத்திருக்கும், சிவப்பில் வெளுப்பு. ஆனால் அலகை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீங்க. 14, 15 நாளில் வால் போதுமான அளவு விரிந்துவிடும், அதுவரை பொறுங்க.

#6 லக்காராஜா (லிங்கராஜபுரம்)

மீலி அண்ணா சொன்னதில் ஒரு வரி சேர்க்கணும். எல்லாச் சிவப்பும் சாம்பல் சிவப்பு இல்லை. உடம்பு, இறக்கை நுனி, வால் எல்லாம் ஒரே செங்கல் சிவப்பாக இருந்தால் அது வேறு ஜீன். சிராஜி, ஜாகோபின் மாதிரி புறா இனங்களிலும் சில கர்ணப் புறாவிலும் வருவது அதுதான். அது இசட்டில் இல்லை, இரண்டு பக்கமும் இருந்தால்தான் வெளியே வரும், வந்தால் அடியில் இருக்கிற நிறத்தை முழுசா மூடிவிடும். அந்தச் சிவப்புப் பெட்டையை நீலச் சேவலோடு போட்டு "சிவப்பு ஆண், நீலம் பெண்"னு பிரித்தால் ஏமாந்து போவீங்க.

வெள்ளை லக்காவும் (விசிறிவால் புறா) அதே கதி. முழு வெள்ளைக்குக் கீழே என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிறக் கணக்கு ஓடாது.

#7 மீலிசேவல்

சரியாச் சொன்னீங்க. ரெட் செக்கர் பெட்டையின் வாலும் இறக்கை நுனியும் வெளிறியிருக்கான்னு மாடிக்கூடு ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். ஹோமரில் பெரும்பாலும் சாம்பல் சிவப்புதான்.

ஆனால் செங்கல் சிவப்புக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு, ரொம்பப் பேருக்குத் தெரியாதது. டைலூட். மஞ்சள், வெள்ளி, காக்கி மாதிரி வெளிறின நிறங்களைத் தரும் ஜீன். அதுவும் இசட்டில்தான், ஒடுங்கின பண்பு, அதாவது சாதா நிறம் இதை அமுக்கிவிடும். மஞ்சள் சேவலைச் சிவப்புப் பெட்டையோடு சேர்த்தால் மகள் எல்லாம் மஞ்சள், மகன் எல்லாம் சிவப்பு. இனமும் மாறாது, நிறமும் கெடாது. சிராஜி வளர்க்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

இதில் பெரிய லாபம், இறகு வரும்வரை காத்திருக்க வேண்டாம். டைலூட் குஞ்சு பொரிக்கும்போதே மஞ்சள் முடி இல்லாமல் வரும். மற்ற குஞ்சு நீளமான மஞ்சள் முடியோடு வரும்போது, இது ரோஸ் தோலில் ஆங்காங்கே குட்டைத் திட்டுகளோடு கிட்டத்தட்ட மொட்டையாகக் கிடக்கும். பொரித்து முடி காய்ந்த பிறகு, அதாவது முதல் நாள் கடைசியிலோ அடுத்த நாளோ, தலை, தோள், முதுகு மூன்றையும் பாருங்க. டைலூட் சேவல், சாதா நிறப் பெட்டை என்கிற சேர்க்கையில் மொட்டை பெண், முடிக்காரன் ஆண். வேற வித்தையே வேண்டாம்.

#8 கால்வளையம் (பிரேசர் டவுன்)

நல்ல இழை. குறுக்கே ஒன்று. நிறக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் அதிகம். சேவல் சிவப்பு, பெட்டை நீலம் என்று வைத்துவிட்டு "சிவப்பு ஆண், நீலம் பெண்" என்று கொடுத்துவிடுவார்கள். அது செல்லாது. சேவல் சுத்தச் சிவப்பு என்றால் எல்லாக் குஞ்சும் சிவப்பு. உள்ளே நீலம் இருந்தால் மகனிலும் பாதி நீலம், மகளிலும் பாதி நீலம். ஒடுங்கின நிறம் சேவலிடம், ஓங்கின நிறம் பெட்டையிடம். ஜோடி சேர்க்கும் அன்றே இதைக் கூட்டுக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். குஞ்சு வந்த பிறகு யோசிப்பது தாமதம்.

வேலை செய்யும் சேர்க்கைகள்:

சேவல் நீலம், பெட்டை சாம்பல் சிவப்பு: சிவப்பு ஆண், நீலம் பெண்.
சேவல் கருப்பு, பெட்டை சாம்பல் சிவப்பு: கருப்பு பெண். ஆண் குஞ்சு கலங்கிய சாம்பல் அல்லது லாவெண்டர் மாதிரி வரும்.
சேவல் பழுப்பு, பெட்டை நீலம் அல்லது சாம்பல் சிவப்பு: பழுப்பு பெண்.
சேவல் டைலூட், பெட்டை சாதா நிறம்: டைலூட் பெண்.
சேவல் சாதா, பெட்டை ஆல்மண்ட் (பல நிறம் தெளித்த மாதிரி வரும் கோலம்): ஆல்மண்ட் ஆண். ஆல்மண்டுக்கு ஆல்மண்டைப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் வாங்கிய மகன் வெளிறி, பெரும்பாலும் கண் கோளாறோடு பிறக்கும்.

இதோடு மாடிக்கூடு கூட்டில் வந்த மாதிரி "போனஸ்" விடைகள்: இரண்டு சிவப்புக்குப் பிறந்த நீலம், இரண்டு நீலத்துக்குப் பிறந்த பழுப்பு, இரண்டு சாதா நிறத்துக்குப் பிறந்த டைலூட். இவை எல்லாம் பெண்ணே.

#9 பொறுமைசாமி (நீலசந்திரா)

நிறம் பேசாத ஜோடிகளுக்கு எச்சவாய் பார்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ஜோடி 3 குஞ்சுக்கு 6 நாள். பார்க்கச் சரியான வயது.

எப்படிப் பார்ப்பது: 5 முதல் 8 நாள் வரைதான் நேரம். அதற்கு முன் உறுப்பு ரொம்பச் சின்னது, 10 நாளுக்கு மேல் முள் இறகு வந்து மறைத்துவிடும். தாய் தகப்பன் தீனி கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு எடுங்கள். இரைப்பை முட்ட நிறைந்த குஞ்சைத் தலைகீழாகப் பிடித்தால் மேலே வந்துவிடும். இடது உள்ளங்கையில் குஞ்சைப் படுக்க வைத்து, தலை உங்கள் மணிக்கட்டுப் பக்கம், பின்பக்கம் உங்கள் கண்ணுக்கு நேர் மட்டத்தில். ஈரப் பஞ்சால் எச்சத்தைத் துடையுங்கள். விரலால் அழுத்தவோ விரிக்கவோ கூடாது.

நேர் பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தப் பிளவின் இரு ஓரமும் மேல் நோக்கி வளைந்தால் ஆண், கீழ் நோக்கி வளைந்தால் பெண். பக்கவாட்டில் பார்த்தால் ஆணில் மேல் உதடு கீழ் உதட்டின் மேல் துருத்தி நிற்கும். பெண்ணில் கீழ் உதடு துருத்தும். கூட்டில் உள்ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுலபமாகத் தெரியும்.

தப்பாவது எங்கே: அப்போதுதான் எச்சமிட்ட குஞ்சு, வயிற்றுப்போக்கால் வீங்கின குஞ்சு, குளிரில் சுருங்கின குஞ்சு. அழுத்திப் பிடித்தால் எல்லாக் குஞ்சும் ஆண் மாதிரியே தெரியும்.

#10 லக்காராஜா

சாமி, சொல்றதெல்லாம் சரி. ஆனால் எத்தனை பேர் கணக்கு வைத்துச் சோதித்துப் பார்த்திருக்காங்க? சரியாப் போனதை மட்டும் ஊரெல்லாம் சொல்லுவோம், தப்பானதை மறந்துடுவோம். என் கருத்தில் அது கை தேர்ந்தவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்கு நாணயம் சுண்டுகிற கதைதான்.

#11 பொறுமைசாமி

ஒத்துக்கொள்கிறேன் ராஜா, அதனால்தான் சோதிக்க வழி சொல்கிறேன். மீலி சார் சொன்ன டைலூட் அல்லது நீலம்–சிவப்பு ஜோடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஞ்சுகளின் எச்சவாயை 6ஆம் நாள் பார்த்து, குஞ்சின் கால் வளைய எண்ணுக்கு நேரே எழுதிவிடுங்கள். நீலம்–சிவப்பு ஜோடி இதற்கு நல்லது, 6ஆம் நாளில் நிறம் இன்னும் தெரியாது, கண் ஏமாற்றாது. டைலூட் என்றால் பொரித்ததைப் பார்த்தவர் வேறு, எச்சவாய் பார்ப்பவர் வேறாக இருக்கட்டும். இரண்டு வாரத்தில் நிறம் விடை சொல்லிவிடும்.

20 குஞ்சு பார்த்தால் குருட்டடியாகவே 10 சரியாக வரும். 12, 13 வந்தாலும் அதிர்ஷ்டத்துக்குள் அடங்கும். 15க்கு மேல் வந்தால்தான் கண் பழகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் குறைவாக இருக்கிற வரை, எச்சவாய் பார்த்ததை வைத்து யாருக்கும் ஜோடி விற்காதீர்கள்.

#12 பிசிஆர்காரி (இந்திராநகர்)

ஜோடி 3 போன்றவற்றுக்கு டிஎன்ஏ பரிசோதனைதான் நேரடி வழி. பறவைகளில் சிஹெச்டி என்றொரு ஜீன் இசட்டிலும் இருக்கிறது, டபிள்யூவிலும் இருக்கிறது, இரண்டுக்கும் நீளம் கொஞ்சம் வேறு. அதை லேபில் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால் ஆணுக்கு ஒரு கோடு வரும், பெண்ணுக்கு இரண்டு. இறகை வாங்கிச் செய்து தரும் தனியார் லேப்கள் இருக்கின்றன. பறவை பார்க்கும் டாக்டர் வழியாகவும் அனுப்பலாம்.

சோதனையைவிட மாதிரி எடுப்பதில்தான் கெடுக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை:

இறகைப் பறவையின் உடம்பிலிருந்து பிடுங்க வேண்டும். கூட்டில் கிடப்பதைப் பொறுக்கக் கூடாது. ஒரே கூட்டில் இரண்டு குஞ்சும் தாய் தகப்பனும் உரசிக்கொண்டு இருக்கும்போது அது யாருடையது என்று சொல்ல முடியாது. உதிர்ந்த இறகின் அடியில் உயிரணுவும் போதாது.

மூன்று வாரம் தாண்டியதும் மார்பிலிருந்து நான்கு முதல் ஆறு சின்ன இறகு, அடித்தண்டோடு. இறக்கை, வாலில் ரத்தம் ஓடும் முள் இறகைப் பிடுங்காதீர்கள், ரத்தம் நிற்காது. தேவைப்படுவது தண்டின் அடிநுனி, அதை விரலால் தொடக் கூடாது. ஒரு குஞ்சு முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள்.

காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். பெங்களூரு மழை மாதத்தில் பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். உறைமேல் வளைய எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், எழுதிய பிறகு இறகைப் போடுங்கள்.

இன்னொன்று. மாதிரி மோசமாக இருந்தால் டபிள்யூ கோடு எழும்பாமல் போகலாம், பெண் ஆணாகத் தெரியும். தலைகீழான தப்பு நேர்வது மாதிரி கலந்துபோனால்தான். ஆகவே "ஆண்" என்று வந்த முடிவு மற்றக் குறிகளோடு முரண்பட்டால் இன்னொரு தடவை புது இறகு அனுப்புங்கள்.

#13 மாடிக்கூடு

அக்கா, பொரித்த முட்டை ஓடு அனுப்பலாமா? 3வது கூட்டில் ஓடு இன்னும் ஓரத்தில் கிடக்குது.

#14 பிசிஆர்காரி

ஓட்டின் உள்சவ்வில் குஞ்சின் காய்ந்த ரத்தக்குழாய் இருக்கும், அதில் சோதிக்க முடியும். உங்கள் நிலைமையில் பயனில்லை. எந்த ஓடு எந்தக் குஞ்சுடையது என்று தெரியாது, ஆறு நாளாக எச்சத்தில் கிடந்ததும் உதவாது. 22 நாள் ஆனதும் இறகு எடுங்கள். அதுவரை வளையம் போடுவதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முடிவு வந்தபின் எந்தக் குஞ்சுக்கு வந்தது என்று தேட வேண்டியிருக்கும்.

#15 கால்வளையம்

வளையம் பற்றிப் பேச்சு வந்ததால்: ஹோமருக்கு 8 மில்லிமீட்டர், 6 முதல் 8 நாளுக்குள். முன்னால் போட்டால் கழன்று கூட்டில் விழும், பின்னால் போட்டால் ஏறாது. முன் மூன்று விரலையும் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்விரல் காலோடு ஒட்டிப் படுக்கும்படி வளையத்தை மேலே தள்ளி, அப்புறம் பின்விரலைத் தீக்குச்சியால் வெளியே எடுங்கள். ஜோடி 3க்கு இன்று அல்லது நாளை. 12 நாள், 16 நாள் குஞ்சுகளுக்கு மூடின வளையம் இனி ஏறாது. நிற பிளாஸ்டிக் திறப்பு வளையம் போட்டு எண் எழுதிக்கொள்ளுங்கள்.

#16 சாதாகொடி (ஸ்ரீராம்புரம்)

ஒரு சிக்கல் கேக்குறேன் அண்ணா. நீலச் சேவல், ரெட் செக்கர் பெட்டை. வந்த சிவப்புக் குஞ்சை ஆண்னு வைத்திருந்த கூட்டில் அது ஆறு மாதத்தில் முட்டை இட்டிருச்சு. விதிவிலக்கு இல்லைன்னு சொன்னீங்களே?

#17 மீலிசேவல்

விதி உடையல தம்பி, அப்பன் வேற. நீலச் சேவலுக்குச் சாம்பல் சிவப்பு மகள் பிறக்கவே வழி இல்லை. ஒரே கூட்டில் பல ஜோடி திரிந்தால் பெட்டை பக்கத்துச் சேவலோடும் சேரும். இல்லாட்டி பழைய சிவப்புச் சேவலிடமிருந்து பிரித்து உடனே நீலத்தோடு போட்டிருப்பாங்க. சேர்ந்த விந்து பெட்டையின் உடம்பில் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும். புது ஜோடி போடும் முன் இரண்டு வாரமாவது பெட்டை தனியாக இருக்கணும், ஜோடி பிடித்து முதல் முட்டை விழும்வரை கூட்டுப்பெட்டியில் பூட்டி வைக்கணும்.

அப்பன் அவன்தான்னு உறுதியாகத் தெரிந்தால், அம்மாவைப் பாருங்க. லக்காராஜா சொன்ன செங்கல் சிவப்பா, இல்லை இன்டிகோ என்கிற இன்னொரு நிற ஜீனா. இன்டிகோ இரண்டு மடங்காக வந்தால் சாம்பல் சிவப்பைப் போலவே வேஷம் போடும்.

#18 மாடிக்கூடு

ஜோடி 2 சிவப்புக் குஞ்சுக்கு டிஎன்ஏ தவிர ஒன்றும் இல்லையா?

#19 மீலிசேவல்

இருக்கு, பொறுமை இருந்தால். சாம்பல் சிவப்புச் சேவல் உள்ளே நீலத்தைச் சுமந்தால் இறகில் கருப்பு மை தெறித்த மாதிரி துளிகள் வரும். பெரும்பாலும் இறக்கைப் பெரிய இறகு, வால், அப்புறம் கழுத்தோரம். பெட்டைக்கு ஒரே ஒரு இசட், சிவப்பும் நீலமும் ஒன்றாக இருக்க இடமில்லை, அதனால் மைத்துளி வராது. சிவப்புப் புறாவில் சுத்தக் கருப்புத் துளி பார்த்தால் ஆண் என்று எழுதிக்கொள்ளலாம். பழுப்பைச் சுமந்தால் துளி பழுப்பாக வரும்.

குஞ்சு இறகில் ஒன்றிரண்டு துளி இருந்தாலே பெரிசு. முதல் முறை இறகு உதிர்த்துப் புது இறகு போட்ட பிறகு கூடும். இறக்கையை வெயிலில் விரித்து ஒவ்வொரு இறகாக, இரண்டு பக்கமும் பாருங்க. எச்சக் கறை மாதிரி தெரிந்தால் ஈர விரலால் தேய்த்துப் பாருங்க, துளி போகாது.

துளி இல்லைன்னா மட்டும் பெண்ணுன்னு முடிவு கட்டிடாதீங்க. உங்கள் மீலி மகனுக்குச் சிவப்பைக் கொடுத்திருந்தால் அவன் சுத்தச் சிவப்பு, ஆயுசுக்கும் துளி வராது.

#20 தானியமூட்டை

சரி, தோற்றுட்டேன். ஆனால் தலை பார்த்துச் சொல்றது, இடுப்பெலும்பு பார்க்கிறது, இதையும் குப்பையில் போட்டுடுவீங்களா?

#21 பொறுமைசாமி

குப்பை இல்லை, வயது வந்த பிறகு. இடுப்பெலும்பு இரண்டின் இடைவெளி பெட்டை முட்டையிட்ட பின்தான் அகன்று நெகிழும். முட்டையிடாத ஐந்து மாதப் பெட்டையும் சேவலும் விரலுக்கு ஒரே மாதிரி. தலையும் அப்படித்தான்: சேவலுக்கு நெற்றி அகலம், கழுத்து தடிப்பு, பெட்டைக்கு உருண்டை. ஒரே பெற்றோரின், ஒரே வயதுக் குஞ்சுகளை ஒப்பிட்டால் உதவும். சந்தையில் வெவ்வேறு கூட்டுக் குஞ்சுகளை ஒரே கூடையில் பார்த்துச் சொன்னால் அது ஆண் பெண் வித்தியாசம் அல்ல, குடும்ப வித்தியாசம்.

நடத்தை மூன்றரை, நான்கு மாதத்தில் தொடங்கும். சேவல் கழுத்தை உப்பி, குமுறி, முழு வட்டம் சுற்றி, வாலை விரித்துத் தரையில் இழுக்கும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கொத்தும். ஆனால் பெட்டைகள் மட்டும் உள்ள கூட்டில் பெட்டையும் குமுறும், அரை வட்டம் சுற்றும். வால் தரையில் உரசுகிறதா என்று பாருங்கள்.

சந்தேகப் புறாவை நடுவில் கம்பிவலை போட்ட பெட்டியில் ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் தெரிந்த சேவலை இரண்டு மூன்று நாள், அப்புறம் தெரிந்த பெட்டையை இரண்டு மூன்று நாள். சேவலுக்குத் தலையாட்டி, பெட்டையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் பெண். பெட்டையைப் பார்த்து வாலிழுத்துக் குமுறினால் ஆண். சேவலோடு மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், பயந்த இளஞ்சேவல் ஒதுங்கிப் பெட்டை மாதிரி நடிக்கும். வலை இல்லாமல் விட்டால் பெரிய சேவல் தலைத் தோலையே கிழித்துவிடும்.

#22 லக்காராஜா

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சிவாஜிநகரில் இரண்டு மாதக் குஞ்சை "நர்-மாதா (ஆண்-பெண்), உத்தரவாதம்"னு கொடுத்தால், அப்பன் அம்மா போட்டோவும் வளைய எண்ணும் கேளுங்க. நீலச் சேவல், சிவப்புப் பெட்டை போட்டோ காட்டினால் நம்பலாம். இல்லைன்னா ஜோடி விலை கொடுக்காதீங்க, குஞ்சு விலை கொடுங்க. நிறம் தெரியாத இரண்டு குஞ்சு வாங்கினால் ஆணும் பெண்ணும் அமைய வாய்ப்பு பாதி. மூன்று வாங்கினால் நான்கில் மூன்று. நான்கு வாங்கினால் எட்டில் ஏழு. பந்தயத்துக்கு எடுக்கிறவங்க நாலா எடுத்துட்டுப் போறது இதனால்தான்.

ஜோடின்னு வாங்கின இரண்டும் ஒரே கூட்டில் நாலு முட்டை இட்டிருந்தால், சந்தோஷப்படாதீங்க. இரண்டும் பெட்டை. முட்டை பொரிக்காது.

#23 மாடிக்கூடு

ஜோடி 1 படம் போட்டிருக்கேன், 15ஆம் நாள். வால் விரித்த படம் இரண்டு. ஜோடி 3க்கு வளையம் போட்டாச்சு. எச்சவாய் பார்த்து ஒன்று ஆண், ஒன்று பெண்ணுன்னு எழுதி மூடி வைத்திருக்கேன். 22ஆம் நாள் இறகு எடுக்கிறேன்.

#24 மீலிசேவல்

படம் பார்த்தேன். இரண்டிலும் வால் பட்டை இருக்கு. முதல் படத்தில் பளிச்சுன்னு, இரண்டாவதில் நுனி இன்னும் உறைக்குள்ள இருக்கிறதால் பாதிதான் தெரியுது, ஆனால் கருப்புதான். ஜோடி 1இல் இரண்டும் பெண். பெரியதும் பெண்தான், தானியமூட்டை கவனிக்க. கொடுக்கிறதாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றைக் கொடுங்க. ஜோடி 2 நீலப் பெட்டையை வைத்துக்கொண்டு, அதற்கு வேறு ரத்தத்தில் பழுப்புச் சேவலோ டைலூட் சேவலோ தேடுங்க. அடுத்த வருஷக் குஞ்சுக்கு இந்தக் கேள்வியே வராது.

#25 பிசிஆர்காரி

ஜோடி 2 சிவப்புக் குஞ்சின் இறகையும் அதே உறைக்கட்டில் சேர்த்து அனுப்பிவிடுங்கள், தனித் தனி உறையில். அது இப்போது மூன்று வாரத்தை நெருங்கியிருக்கும்.